மஞ்சள் பட்ட அட்டைகள்

அத்தியாயம் 14

போன வாரம் கஸ்தூரியைக் கோட்டயம் பஸ்ஸிலிருந்து கம்பம் பக்கத்துக் கூடலூரில் இறக்கி, நனைந்த புடவையோடு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். இரண்டு வருஷமாக மகளிடம் முகம் கொடுத்துப் பேசாத பஞ்சம்மாள் கதவைத் திறந்து, "வா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கே கண் கலங்கியதாக வாசகிகள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். கண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஐப்பசி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. கஸ்தூரி முகம் கழுவிவிட்டு வந்து தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் வாசனை குப்பென்று அடித்தது.

பெட்டிக்குள் இருந்தவை அட்டைகள். திருவனந்தபுரத்தில் அவள் வேலை பார்க்கும் இடத்தில் துளை அடித்து எடுத்துக்கொண்டு வந்தவை. சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, கல்யாணப் பத்திரிகை கனம், உடம்பெல்லாம் பொடிப் பொடித் துளைகள். ஓர் அட்டைக்கு ஒரு வரி. அப்படி முந்நூற்று நாற்பது வரிகள் சேர்ந்ததுதான் ஒரு வருஷமாக அவள் எழுதிய புரோகிராம். கம்ப்யூட்டருக்கு நம் கையெழுத்து புரியாது, துளைதான் புரியும்.

அந்த முந்நூற்று நாற்பது அட்டைகளிலும் மூலைக்கு மூலை மஞ்சள் பூசியிருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு. ஈர மஞ்சள். அட்டைகளின் ஓரங்கள் ஊறி, உப்பி, அலை அலையாக நெளிந்து நின்றன.

கஸ்தூரி ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பின்னால் வந்து நின்ற பஞ்சம்மாளின் கையில் காபி இருந்தது. முகத்தில், இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு.

"நாலரைக்கே எந்திரிச்சு உக்காந்தேன். நல்ல காரியத்துக்குக் கொண்டு போற, மஞ்ச வைக்காமக் கொண்டு போகலாமா? வரிச மாறாம எடுத்து வரிச மாறாம வச்சிருக்கேன், பயப்படாத. எல்லாத்துலயும் ஒரு மூலை வெட்டுப்பட்டு மூளியா இருந்துச்சுத்தா. அதான் அங்கன மட்டும் கொஞ்சம் தாராளமா வச்சுவிட்டேன்."

அட்டை தலைகீழாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எல்லா அட்டையிலும் ஒரு மூலையை வெட்டி வைப்பார்கள். பஞ்சம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மூளியான ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது என்பது.

சின்னமனூர் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திருவனந்தபுரத்துக்குப் பெட்டி கட்டிய மகள்மேல் அவளுக்கு இருந்த கோபம் சாதாரணமானதல்ல. அந்தக் கோபத்தை எல்லாம் அன்று காலை அவள் அரைத்த மஞ்சளோடு கரைத்துவிட்டாள். மகளுடைய வேலைக்கு அவள் கொடுத்த சம்மதம் அது. பேசத் தெரியாதவள், பூசிக் காட்டினாள்.

கஸ்தூரிக்கு அது புரிந்தது. புரிந்தும் வாய் நிற்கவில்லை.

"ஒன்னைய யாரு இதத் தொடச் சொன்னா? ரெண்டு வருசமாப் பேசாம இருந்தேல்ல, அப்படியே இருந்திருக்க வேண்டியதுதான?"

பஞ்சம்மாள் காபி டம்ளரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அது அட்டைமேல் சிந்திவிடுமோ என்று நினைத்தவள் போல அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். 

சத்தம் கேட்டு உள்ளே வந்தவன் அண்ணன் கருத்தக்கண்ணன். சின்னமனூர்க்காரர்கள் முன்னால் கை கட்டி நின்று மன்னிப்புக் கேட்டவன் அவன்தான். அதனால் அவனுக்கும் தங்கையின் உத்தியோகத்தின்மேல் பெரிய பிரியம் கிடையாது. அப்பா ஒச்சாண்டி வண்டன்மேட்டு ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பில் இருந்தார். வீட்டில் நியாயம் சொல்ல வேறு ஆள் இல்லை. பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள்தானே, துடைத்தால் போகாதா என்று கேட்டான்.

கஸ்தூரி விவரம் சொன்னாள். மஞ்சள் நிறம் ஒன்றும் செய்யாது. ஈரம்தான் எமன். அட்டை கொஞ்சம் உப்பினாலும் நெளிந்தாலும் படிக்கிற மெஷின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மதராஸுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ராக்கெட் நிலையத்தில், திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை அவளுக்குக் கம்ப்யூட்டரை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் புரோகிராம் ஓடிச் சரியான விடையைச் சொல்ல வேண்டும். சொன்னால், மாசக் கடைசியில் செயற்கைக்கோள் மேலே போகிற அன்று கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி. சொல்லாவிட்டால், பழைய புரோகிராமும் அதை எழுதிய வேறொருவரும்.

புதிதாக அடித்துக்கொள்ள முடியாதா என்று கேட்டான் கருத்தக்கண்ணன். எழுதிய தாள் பையில் இருக்கிறது, ஆனால் முந்நூற்று நாற்பதையும் அடிக்க ஆறு மணி நேரமாவது ஆகும், ஞாயிற்றுக்கிழமை அங்கே அடிக்கிற அறையைத் திறக்க மாட்டார்கள், திங்கட்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு அட்டைக்குத்தான் நேரம் இருக்கும் என்றாள்.

"இன்னொரு செட்டு எடுத்து வைக்கிறதுதான் மொறை. மலையாளத்துப் பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல எடுக்கல. அது என் தப்பு அண்ணே."

இதை அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். அவள் அண்ணனிடம் சொன்னாள்.

வெயில் இருந்தால் முற்றத்தில் பரப்பலாம். வானம் கல் மாதிரி மூடிக்கிடந்தது. இஸ்திரிப் பெட்டி உதவாது என்பது ஓர் அட்டையில் வைத்துப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. ஓரம் சுருண்டு, வாய் திறந்த பாளை மாதிரி நின்றது. கஸ்தூரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் அந்த அட்டையைப் பார்த்தான். பிறகு கொல்லைப்பக்கம் போனான்.

கொல்லையில் இருந்தது அவனுடைய ஸ்டோர். ஸ்டோர் என்றால் சாமான் விற்கிற கடை என்று வெளியூர் வாசகர்கள் நினைக்க வேண்டாம். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது மழை பட்டு நமத்துப்போன ஏலக்காயை மறுபடி உலர்த்துகிற அறை அது. வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாகத் தரையோடு ஓடி அறை முழுவதும் பரவும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். புகை உள்ளே வராது, சூடு மட்டும் வரும். முந்தின நாள் மாலையிலிருந்து அவனுடைய காய் உள்ளே காய்ந்துகொண்டிருந்தது. போடி ஏலத்துக்குப் போக வேண்டிய காய்.

கஸ்தூரி போய்ப் பார்த்தபோது அவன் தட்டு தட்டாகக் காயை வெளியே எடுத்துச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தான். பாதியில் எடுத்தால் காய் பச்சை நிறத்தை விட்டுவிடும், ஏலத்தில் அதைக் கையால் தொடக்கூட மாட்டார்கள் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த அவளுக்குத் தெரியாததா? வேண்டாம் அண்ணே என்றாள்.

"உத்தமபாளையத்துல பாய் ஸ்டோர்ல எடம் இருக்கு. அங்கன கொண்டு போயி மிச்சத்தக் காய வச்சுக்கிறேன். நீ ஒன் சீட்டைக் கொண்டா."

இரண்டு தட்டில் அட்டையைப் பரப்பியிருப்பார்கள், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து தட்டைப் பிடித்தது. பஞ்சம்மாள். மகள் முகத்தைப் பார்க்காமல், மகனிடம் மட்டும் பேசினாள்.

"இந்தச் சூட்டுக்குக் காயே வெடிக்கும். வெறகைப் பாதி உருவு."

அதற்குப் பிறகு ஸ்டோர் அவள் கைக்குப் போய்விட்டது. கூடலூரில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் நாற்பது பேர் இருந்தால், ஈரம் பார்க்க எல்லாரும் கூப்பிடுவது பஞ்சம்மாளைத்தான். காயை இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு உருட்டு உருட்டி, இன்னும் எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுவாள். அன்று உருட்டுவதற்குக் காய் இல்லை. அட்டையின் ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள்.

வரிசை மாறாமல் ஒரு தட்டுக்கு நாலு வரிசை. மேல்தட்டில் முதல் நாற்பது, அடுத்த தட்டில் அடுத்த நாற்பது. மஞ்சள் பொருக்குத் தட்டியதும் கோழி இறகால் மெல்ல நீவி உதிர்க்க வேண்டும், துளைக்குள் ஒரு பொடி கூட இருக்கக் கூடாது. சூடு ஆறுவதற்கு முன்னால் அடுக்கிப் பலகை வைத்து எடைக்கல்லை ஏற்றினால் நெளிவு நிமிர்ந்துவிடும். இதையெல்லாம் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. செய்தாள், கஸ்தூரி பார்த்து அப்படியே செய்தாள். அதிகம் காய்ந்தாலும் அட்டை சுருங்கும் என்று மட்டும் கஸ்தூரி சொன்னாள். அதற்கும் ஒரு தலையாட்டல்தான்.

பத்து மணி, பதினோரு மணி. அடுப்புப் பக்கம் கருத்தக்கண்ணன். உள்ளே இருவரும் எதிரும் புதிருமாக வியர்வையில் நனைந்துகொண்டு, ஆளுக்கொரு கோழி இறகோடு.

கஸ்தூரி காலையில் சொன்ன சொல்லை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொண்டுவிட வேண்டும் என்று துடித்தாள். ஒவ்வொரு தட்டை எடுக்கும்போதும் அடுத்த தட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இப்படியே ஐந்து தட்டு போய்விட்டது.

ஆறாவது தட்டில் பஞ்சம்மாளே கேட்டாள். தலை நிமிரவில்லை.

"இதுல எது மேல போகும்?"

கஸ்தூரி திடுக்கிட்டுப் போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இதில் எதுவும் மேலே போகாது. இதெல்லாம் தரையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு. செயற்கைக்கோளை ராக்கெட் கொண்டுபோய் மேலே விட்டதும், அது கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்ட பிள்ளை மாதிரி தட்டாமாலை சுற்றிக்கொண்டிருக்கும். தன் முகம் எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது. சூரியன் எவ்வளவு வெளிச்சம், பூமியின் விளிம்பு எங்கே என்று அது பார்த்த எண்களை மட்டும் கீழே அனுப்பும்.

"அந்த எண்ண வச்சு, அது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இது. கண்டுபிடிச்சாத்தான் இந்தப் பக்கமாத் திரும்புன்னு நாம சொல்ல முடியும். சூரியனுக்கு நேரா அது திரும்பாட்டி உள்ள இருக்குற பேட்டரி தீந்து போகும். ஒண்ணரை மணி நேரந்தான். அதுக்குள்ள சொல்லிரணும்."

"சொல்லலேன்னா?"

"செத்துப் போகும்மா. அப்புறம் மேல சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும்."

பஞ்சம்மாள் கையிலிருந்த அட்டையைத் தட்டில் வைத்தாள். 

"அப்ப அதுக்கு வழி சொல்லப் போறது நீதான்."

"நானும் இருப்பேன். முப்பது பேர் இருப்பாக. நான் ஒரு மூலையில."

"மூலையோ நடுவோ," என்ற பஞ்சம்மாள், இரண்டு வருஷமாகச் சொல்ல மறுத்திருந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். "சரி."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா என்று ஆரம்பித்தாள். அதே நேரம் வெளியிலிருந்து கருத்தக்கண்ணன், மணி பன்னிரண்டரை, ஒன்றரைக்குப் பஸ் என்று குரல் கொடுத்தான். அண்ணன்கள் என்றைக்குத்தான் நேரம் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்?

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம். எடைக்கல்லுக்கு அடியிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்தார்கள். நிமிர்ந்துவிட்டன. மூலைகளில் மஞ்சள் கறை மட்டும் மாறவில்லை. அட்டைகளை விசிறியபோது தடையில்லாமல் சரசரவென்று ஓடின. கஸ்தூரி சிரித்தே விட்டாள். இஸ்திரியில் சுருண்டதையும் சேர்த்து ஒன்பது அட்டைகள் மட்டும் தேறவில்லை. ஒன்பதுதானே, திங்கட்கிழமை காலையில் கால் மணி நேரத்தில் அடித்துக்கொள்ளலாம். அவற்றைத் தனியாகக் கட்டினாள்.

மீதியை எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் வரிசை எண் அடித்திருக்கிறது, ரயிலில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அம்மா வரவில்லை. கை முழுக்க மஞ்சளும் கரியுமாக இருக்கிறது, நான் எங்கே வருவது என்று கருத்தக்கண்ணனிடம் சொல்லிவிட்டு ஸ்டோருக்குள்ளேயே நின்றுகொண்டாள். கஸ்தூரி ஸ்டோர் வாசல் வரை வந்தாள். உள்ளே அம்மாவின் முதுகு தெரிந்தது. போயிட்டு வாரேன் என்றாள். "ம்" என்று முதுகு சொன்னது. மழையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சொல்ல நினைத்த சொல்லோடு அவள் ஓடிப்போய்ப் பஸ் ஏறினாள். மதுரையில் ஏழு மணிக்கு மதராஸ் ரயில்.

கருத்தக்கண்ணன் பாதி காய்ந்த சாக்குகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் போனான்.

பஞ்சம்மாள் அடுப்பில் மிச்சமிருந்த விறகை உருவி அணைத்தாள். காலையில் மகள் கேட்டது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் இப்போது அதைவிட வேறொன்று அதிகமாக வலித்தது. அந்தப் பிள்ளை கேட்டதில் தப்பில்லையே என்பதுதான் அது. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது யார்? இரண்டு தீபாவளிக்கும் ஒரு கடிதம்கூடப் போடாதது யார்?

மூன்று மணி சுமாருக்குத் தட்டுகளைக் கழுவி வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். ஆறாவது தட்டைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கத்தில், கம்பி வலைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஓர் அட்டை இருந்தது. நன்றாகக் காய்ந்து, நெளிவே இல்லாமல், துளைகள் எல்லாம் சுத்தமாக.

அவள் அதை வலையிலிருந்து மெல்ல உருவி எடுத்தாள்.

கருத்தக்கண்ணன் திரும்பி வரும்போது மணி நாலு. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். முகம் கழுவி, வெளியூர் போகிற புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு பழைய காலண்டர் அட்டையை மடித்து, அதற்குள் அந்த அட்டையை வைத்துப் பிடித்திருந்தாள். அவன் வாங்கிப் பார்த்தான். ஓரத்தில் 217 என்று இருந்தது.

அவன் யோசித்தான். கெட்டிக்காரன்தான், யோசனையும் சரியாகத்தான் இருந்தது.

"இதுக்கு என்னத்துக்கும்மா பதறுற? தபால் ஆபீசு போயி அவ ஆபீசுக்கு ஒரு தந்தி குடுத்துருவோம். எரநூத்திப் பதினேழு இங்கன தங்கிருச்சுன்னு. அந்த ஒம்பதோட இதையும் பத்தா அடிச்சுக்கிருவா. வேல முடிஞ்சது."

பஞ்சம்மாள் அவன் கையிலிருந்து அட்டையைத் திரும்ப வாங்கி, மறுபடி காலண்டருக்குள் பத்திரமாக வைத்தாள்.

"தந்தியில நம்பரு போகும். நான் சொல்ல வேண்டியது போகுமாலே? ரெண்டு வருசமா எம்புள்ளையப் பேசாமக் கொன்னுருக்கேன். இன்னைக்கும் முதுகக் காட்டித்தான் அனுப்பியிருக்கேன். ஜீப்ப எடு."

அவன் எடுத்தான். அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை அவன். கூடலூரிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம், அதுவும் வழியில் ஒரு ரயில்வே கேட்டும் மூடாமல் இருந்தால். கம்பத்தில் நிற்கவில்லை. உத்தமபாளையத்தில், சற்று முன்னால் சாக்கு இறக்கிய இடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்தான். சின்னமனூரில் மழை விட்டது. தேனிக்கு வந்தபோது மணி ஐந்தரை. வழக்கமாகப் பஸ் டீக்கு நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

பஞ்சம்மாள் மதுரைக்கு இதுவரை இரண்டே இரண்டு தடவைதான் போயிருக்கிறாள். இரண்டும் சித்திரைத் திருவிழாவுக்கு, ஊரோடு சேர்ந்து. ரயிலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறாளே தவிர ஏறியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, தூரத்தில் ஒரு ரயில்வே கேட் கீழே இறங்குவது தெரிந்தது. கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். இன்ஜினை அணைத்தான்.

இனிமேல் ஏழு மணி ரயிலைப் பிடிக்கவா முடியும், திரும்பிப் போய்த் தந்தியே கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்வாள் என அவன் எதிர்பார்த்தான். அவள் மூடிய கேட்டை ஒரு பார்வை பார்த்தாள். மடியில் இருந்த காலண்டரின்மேல் உள்ளங்கையை வைத்து, ஈரம் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"ஏழு மணி ரயிலு போயிருச்சுன்னா," என்றாள் நிதானமாக, "மதராசுக்கு அடுத்த ரயிலு எத்தன மணிக்குலே?"